நூறு புளியங்கொட்டையும் மத்திய பட்ஜெட்டும்: வரி, செலவு, கடன் பற்றி வாதாடுவது எப்படி

மன்னார்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஏழெட்டுப் பேர் கூடுவோம். கல்லூரிப் பேச்சுப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகள் நாலைந்து பேர், பக்கத்துத் தெருவில் அரிசி மண்டி வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர், அப்புறம் நான். முப்பத்து மூன்று வருடம் கருவூலத் துறையில் இருந்தவள் நான். சம்பளப் பட்டியல், ஓய்வூதியப் பட்டியல், ஒப்பந்தக்காரர் பட்டியல் என்று அரசாங்கத்தின் பணம் வெளியே போகிற வாசலில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். அதனால்தான் பட்ஜெட் பற்றி யாராவது பொத்தாம்பொதுவாகப் பேசினால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

வரியைக் குறைக்கலாமா, அரசு செலவைக் கூட்டலாமா, பற்றாக்குறை ஆபத்தா என்ற மூன்று கேள்விகளை எப்படி விவாதிப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் வரும் கணக்கெல்லாம் பெரும்பாலும் 2025-26 மத்திய பட்ஜெட்டின் மதிப்பீடுகள். நீங்கள் வாதாடும் ஆண்டுக்கான எண்களை அதே இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள், முறை மாறாது.

முதலில் தலைப்பைச் சரி செய்யுங்கள்

பட்டிமன்றப் பழக்கத்தில் "நாட்டுக்குத் தேவை வரிக்குறைப்பா? அரசுச் செலவா?" என்று தலைப்பு வைத்துவிடுகிறார்கள். இந்தத் தலைப்பில் நல்ல விவாதம் நடக்கவே நடக்காது. இரண்டும் எதிரெதிர் அல்ல. வரியைக் குறைத்துச் செலவையும் கூட்டலாம், நடுவில் கடன் நிற்கும். அந்தக் கடன் தலைப்பிலேயே இல்லாததால் இரண்டு அணியும் அதைத் தொடாமல் ஒரு மணி நேரம் கைதட்டு வாங்கிவிட்டுப் போய்விடும்.

தலைப்பில் ஆண்டு வேண்டும், தொகை வேண்டும், எந்த அரசு என்று வேண்டும். நாங்கள் போன வருடம் வைத்த தலைப்பு இது: "2025-26ல் மத்திய அரசு வருமான வரியில் விட்டுக்கொடுத்த சுமார் 1 லட்சம் கோடியைக் கடனைக் குறைக்கப் பயன்படுத்தியிருக்க வேண்டும்." ஆதரிப்பவருக்கும் மறுப்பவருக்கும் காலை ஊன்ற இடம் கிடைத்தது. கணக்கும் போட முடிந்தது. அந்த ஆண்டு நிதிப் பற்றாக்குறை (அரசு கடன் வாங்கி அடைக்க வேண்டிய துண்டு) மதிப்பீடு 15.69 லட்சம் கோடி, அதாவது ஜி.டி.பி.யில் (நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்பில்) 4.4 சதவீதம். 1 லட்சம் கோடியை விட்டுக்கொடுக்காமல் இருந்திருந்தால் அது ஏறக்குறைய 4.1 ஆகியிருக்கும். "அந்த 0.3க்காக நடுத்தர வர்க்கத்தின் கையில் பணம் போகாமல் தடுப்பதா?" என்று ஒரு அணி. "ஒவ்வொரு வருடமும் ஒரு 0.3ஐ இப்படித்தான் விட்டோம்" என்று மறு அணி. அன்றைக்கு விவாதம் ஏழரை மணி வரை போனது. அண்ணாச்சி கடையைப் பையனிடம் விட்டுவிட்டுக் கடைசி வரை உட்கார்ந்திருந்தார்.

கொட்டைகளைப் பரப்புங்கள்

மத்திய நிதியமைச்சகம் பட்ஜெட் நாளன்று "பட்ஜெட் ஒரு பார்வை" என்று ஒரு சிறிய ஆவணம் வெளியிடும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். பேச்சைக் கேட்பதைவிட அதைப் படிப்பது மேல். அதில் ரூபாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று இரண்டு வட்டப்படம் இருக்கும். ஒரு ரூபாயை நூறு பைசாவாகப் பிரித்திருப்பார்கள்.

நான் நூறு புளியங்கொட்டை எண்ணி ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். முதலில் வரவைப் பிரிக்கச் சொல்வேன். 2025-26ல் கடன் 24, வருமான வரி 22, ஜி.எஸ்.டி. 18, நிறுவன வரி 17, வரியல்லாத வருவாய் 9, கலால் 5, சுங்கம் 4, கடன் அல்லாத மூலதன வரவு 1. குவியல்களில் பெரியது கடன்தான் என்று பிள்ளைகள் கண்ணால் பார்க்கும்போது திண்ணையில் ஒரு நிமிடம் பேச்சு நின்றுபோகும்.

அப்புறம் அதே கொட்டைகளை அள்ளிச் செலவாகப் பிரிக்கச் சொல்வேன். மாநிலங்களின் வரிப் பங்கு 22, வட்டி 20, மத்திய அரசு தானே நடத்தும் திட்டங்கள் 16, பாதுகாப்பு 8, நிதிக் குழு (மத்திய வரியை மாநிலங்களோடு எப்படிப் பிரிப்பது என்று பரிந்துரைக்கும் குழு) மானியங்களும் பிற பணப் பரிமாற்றங்களும் 8, மாநிலங்களோடு சேர்ந்து நடத்தும் திட்டங்கள் 8, முக்கிய மானியங்கள் 6, ஓய்வூதியம் 4, மற்றவை 8.

பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி. நன்றாகப் பேசுவாள், குரல் கணீரென்று இருக்கும். "வீண் செலவ நிறுத்தினாலே போதும் மேடம், வருமான வரியப் பாதியாக் குறைச்சிரலாம்" என்றாள். சரிம்மா, வருமான வரி 22ல் பாதி பதினொன்று, செலவுக் குவியல்களிலிருந்து பதினோரு கொட்டையை எடு என்றேன்.

முதலில் வட்டிக் குவியலுக்குக் கை போனது. அது ஏற்கெனவே வாங்கிய கடனுக்குக் கட்டியே ஆக வேண்டியது என்று அவளே சொல்லிக் கையை எடுத்துக்கொண்டாள். மாநிலப் பங்கைத் தொட்டாள். அது நிதிக் குழு பரிந்துரைப்படி மாநிலங்களுக்குச் சேர வேண்டிய பணம், நம் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதிலிருந்துதான் வருகிறது என்று தலைமையாசிரியை சொன்னார். ஓய்வூதியத்துக்குப் போனாள். அவளுடைய தாத்தா தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே விரல் நிற்கவில்லை. மானியம் ஆறு கொட்டை: உணவும் உரமும்தான் அதில் பெரும்பகுதி. அவள் அப்பா மூன்று மா குறுவை போட்டிருந்தார், அந்த வாரம்தான் யூரியா மூட்டை இறக்கியிருந்தார்கள். பாதுகாப்பை அவள் பார்க்கவே இல்லை. கடைசியில் திட்டக் குவியலிலிருந்து இரண்டு கொட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எந்தத் திட்டம்?" என்று கேட்டேன். தெரியவில்லை.

கொட்டைகளை அவளிடமே கொடுத்தனுப்பினேன். அடுத்த சனிக்கிழமை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். ஒரு கொட்டை என்பது சுமார் 65,000 கோடி. விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசானுக்கு ஒதுக்கீடு 63,500 கோடி, ஏறக்குறைய ஒரு கொட்டை. வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் போடும் ஜல் ஜீவனுக்கு 67,000 கோடி, அதுவும் ஒரு கொட்டை. நூறு நாள் வேலைக்கு 86,000 கோடி, ஒன்றே கால் கொட்டைக்குச் சற்று மேல். அந்த ஆண்டு கொடுத்த வருமான வரிச் சலுகை ஒன்றரை கொட்டை. "எடுக்கணும்னா இதுல எதையாவது எடுக்கணும் மேடம், இல்லன்னா அந்த 24ஐ 26 ஆக்கணும்" என்றாள். அவள் கருத்து மாறவில்லை, வரி குறைய வேண்டும் என்றுதான் இன்றும் பேசுகிறாள். ஆனால் ஜல் ஜீவனில் ஒதுக்கிய பணம் பல வருடம் முழுதாகச் செலவாகவில்லை, அதைப் பார்த்து ஒதுக்கலாம் என்று ஒரு கணக்குத் தலைப்பைச் சுட்டிப் பேசுகிறாள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இதிலிருந்து எங்கள் திண்ணையின் ஒரே சட்டம் பிறந்தது. வரியைக் குறை என்பவர் எந்தச் செலவை வெட்டுவார் அல்லது எவ்வளவு கடன் வாங்குவார் என்று அதே மூச்சில் சொல்ல வேண்டும். செலவைக் கூட்டு என்பவர் யாரிடம் வரி வாங்குவார் அல்லது எவ்வளவு கடன் வாங்குவார் என்று சொல்ல வேண்டும். பற்றாக்குறையைக் குறை என்பவருக்கு இரண்டு கேள்வியும் உண்டு. சொல்லாதவருக்கு மதிப்பெண் இல்லை. நீங்கள் எந்த மேடையில் பேசினாலும் இந்தச் சட்டத்தை உங்களுக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எதிரணியிடமும் முதல் கேள்வியாக இதையே கேளுங்கள்.

எதை எதால் வகுத்தார்கள் என்று பாருங்கள்

ஒரு தரம் எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் சண்டைக்கே போய்விட்டார்கள். ஒருவன் "அரசு செலவில் 20 சதவீதம் வட்டி" என்கிறான். இன்னொருவன் "25 சதவீதம்" என்கிறான். இரண்டு பேரிடமும் அரசின் ஆவணம்தான்.

இரண்டுமே சரி. வட்டி 12.76 லட்சம் கோடி. மத்திய அரசின் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. வகுத்தால் 25 வரும். ஆனால் அந்த வட்டப்படத்தில் மாநிலங்களுக்குப் போகும் வரிப் பங்கு 14 லட்சம் கோடிக்கு மேல் சேர்த்திருக்கிறார்கள். அதையும் சேர்த்து வகுத்தால் 20 வரும். கடனும் அப்படியே: வட்டப்படத்தில் 24 பைசா, மொத்தச் செலவில் பார்த்தால் 31 சதவீதம். ஆகவே எதிரணி ஒரு சதவீதம் சொன்னால் உடனே "பொய்" என்று எழாதீர்கள். "எதில் சதவீதம்?" என்று கேளுங்கள். பாதி நேரம் அங்கேயே தெளிந்துவிடும்.

இன்னொன்று, எண் எந்த வயதில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரே ஆண்டுக்கு மூன்று எண் உண்டு. பிப்ரவரியில் சொல்வது பட்ஜெட் மதிப்பீடு. அடுத்த பிப்ரவரியில் வருவது திருத்திய மதிப்பீடு. அதற்கும் பிறகு வருவது இறுதிக் கணக்கு. 2019-20ன் நிதிப் பற்றாக்குறையை எடுத்துக்கொள்ளுங்கள்: மதிப்பீடு 3.3 சதவீதம், திருத்தம் 3.8, இறுதியில் 4.6. பட்ஜெட் பேச்சில் வந்த எண்ணை வைத்து "அரசு கட்டுப்பாடாக இருந்தது" என்று வாதாடிவிட்டு, எதிரணி இறுதிக் கணக்கை எடுத்தால் நீங்கள் எழுந்திருக்கவே முடியாது.

லட்சம் கோடி என்பதைக் கேட்டு மலைத்துப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன உதவி. 140 கோடி பேருக்கு 1 லட்சம் கோடியைப் பகிர்ந்தால் தலைக்குச் சுமார் 714 ரூபாய். பெரிய எண்ணைச் சபைக்குப் புரிய வைக்க இது போதும். ஆனால் பயமுறுத்த இதைப் பயன்படுத்தாதீர்கள். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் கடன் என்று இருந்தது. அன்று என் வீட்டில் வேலை செய்த அம்மாள் நிஜமாகவே பயந்து, "அத எப்பம்மா கேட்டு வருவாங்க?" என்று கேட்டார். கணக்கு சரி. ஆனால் அந்தக் கடன் எந்த வீட்டுக் கதவையும் தட்டி வசூலிக்கப்படுவதில்லை. வருங்கால வரியாகவும், வராமல் போன பேருந்தாகவும், நிரப்பாமல் விட்ட ஆசிரியர் பணியிடமாகவும்தான் வரும். சபையில் அந்த எண்ணைச் சொன்னால் அடுத்த வாக்கியத்திலேயே இதையும் சொல்லுங்கள்.

பற்றாக்குறை ஒன்றல்ல

இந்த இடத்தை நிதானமாகப் படியுங்கள், போட்டிகளில் அதிகம் தோற்பது இங்கேதான்.

நிதிப் பற்றாக்குறை என்பது, அந்த ஆண்டு அரசு வாங்க வேண்டிய மொத்தக் கடன். வருவாய்ப் பற்றாக்குறை என்பது, சம்பளம், வட்டி, மானியம் போன்ற அன்றாடச் செலவுக்கே வருவாய் போதாமல் துண்டு விழுவது. முதன்மைப் பற்றாக்குறை என்பது, நிதிப் பற்றாக்குறையில் பழைய கடனின் வட்டியைக் கழித்தது. 2025-26 மதிப்பீட்டில் முதலாவது 15.69 லட்சம் கோடி, இரண்டாவது 5.24, மூன்றாவது 2.93.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன தெரிகிறது பாருங்கள். வாங்கும் புதுக் கடனில் ஐந்தில் நான்கு பங்குக்குச் சமமான தொகை பழைய கடனின் வட்டிக்குத்தான் போகிறது. "இன்றைய ஊதாரித்தனம்" என்று கத்துகிறவருக்கு இது பதில்: இன்றைய செலவு மட்டும் காரணமில்லை, நேற்றைய கடனும்தான். சிக்கனம் வேண்டும் என்பவருக்கும் இதுவே பலம்: நேற்று கடன் வாங்கியதால்தான் இன்று கை கட்டிக் கிடக்கிறது.

வருவாய்ப் பற்றாக்குறையைச் சொன்னால், கடன் வாங்கும் மூன்று ரூபாயில் ஒரு ரூபாய் அன்றாடச் செலவுக்குப் போகிறது என்று நீங்கள் வாதிடலாம். விஷயம் தெரிந்த எதிரணி உடனே மறுக்கும். அந்த 5.24 லட்சம் கோடியில் 4.27 லட்சம் கோடி, மாநிலங்களும் மற்ற அமைப்புகளும் சாலை, பள்ளி, குழாய் என்று சொத்து உருவாக்க மத்திய அரசு கொடுக்கும் மானியம். அதைக் கழித்தால் மிஞ்சுவது ஜி.டி.பி.யில் 0.3 சதவீதம்தான் என்பார்கள். ஆவணத்திலேயே அந்த வரி இருக்கிறது. இதற்குப் பதில் தயாராக இல்லாமல் மேடை ஏறாதீர்கள்.

செலவா, முதலீடா? இந்தக் கேள்வியைக் கணக்குத் தலைப்பின் முதல் இலக்கம் முடிவு செய்துவிடுகிறது. கருவூலத்தில் ஒவ்வொரு பட்டியலிலும் நாலு இலக்கத் தலைப்பு எண் இருக்கும். 0, 1ல் தொடங்கினால் வருவாய் வரவு. 2, 3 என்றால் வருவாய்ச் செலவு. 4, 5 மூலதனச் செலவு. வட்டிக்கு 2049. பொதுக் கல்விக்கு 2202. பள்ளிக் கட்டடம் போன்ற கல்வி மூலதனச் செலவுக்கு 4202. சத்துணவு 2236.

ஒரு மார்ச் 31 இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நிதியாண்டின் கடைசி நாள், பத்து மணி தாண்டியும் விளக்கு எரிகிறது, பட்டியல்கள் மேசையில் குவிந்து கிடக்கின்றன. அடுத்தடுத்து என் கைக்கு இரண்டு பட்டியல் வந்தது. ஒன்று ஒரு பள்ளியில் கட்டடம் எழுப்பியதற்கு, 4202. இன்னொன்று சத்துணவு மையங்களுக்கு முட்டை போட்டதற்கு, 2236. பொருளாதாரக் கட்டுரை எழுதுகிறவர்கள் பார்வையில் முதலாவது முதலீடு, இரண்டாவது செலவு. நான் இரண்டிலும் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கட்டடத்தைப் பிற்பாடு பார்த்தேன், பூட்டிக் கிடந்தது. அந்த முட்டையைச் சாப்பிட்ட பிள்ளைகளில் யாராவது இன்று செவிலியராக இருக்கலாம், லாரி ஓட்டலாம், வரி கட்டலாம். காமராஜர் ஆட்சியில் 1956ல் மதிய உணவு தொடங்கியபோதும் அது வருவாய்ச் செலவுதான்.

இதனால் மூலதனச் செலவு வேண்டாம் என்று சொல்லவில்லை. 2025-26ல் மத்திய அரசு 11.21 லட்சம் கோடியை அதற்கு ஒதுக்கியது, பாலமும் ரயில் பாதையும் தேவைதான். ஒரு செலவை எதிர்க்கும்போது "இது வருவாய்ச் செலவு" என்பதே காரணமாகாது, ஆதரிக்கும்போது "இது மூலதனச் செலவு" என்பதும் காரணமாகாது என்கிறேன். பத்து வருடம் கழித்து அதனால் என்ன மிஞ்சும் என்று சொல்லுங்கள்.

"வரியைக் குறைத்தால் வசூல் கூடும்"

இந்த வாதம் எல்லாப் போட்டியிலும் வரும். உலகம் முழுவதும் சுற்றாமல் நம் ஊர் உதாரணத்திலேயே மோதுங்கள்.

2019 செப்டம்பர் 20 அன்று மத்திய அரசு நிறுவன வரியைக் குறைத்தது. சலுகைகள் வேண்டாம் என்று விட்டுவிடும் நிறுவனங்களுக்கு 22 சதவீதம், புதிதாக வரும் உற்பத்தி நிறுவனங்களுக்கு 15. ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி வருவாய் குறையும் என்று அன்றே அரசு சொன்னது. நிறுவன வரி வசூல் 2018-19ல் 6.64 லட்சம் கோடி, 2019-20ல் 5.57, 2020-21ல் 4.58, 2021-22ல் 7.12, 2022-23ல் 8.26, 2023-24ல் 9.11.

இதை இரண்டு அணியும் பிடித்து இழுக்கலாம். எதிர்ப்பவர் முதல் மூன்று எண்ணில் நிறுத்துவார், ஆதரிப்பவர் கடைசி எண்ணைக் காட்டுவார். முதலாமவர் 2020-21ல் கொரோனா ஊரடங்கு இருந்ததைச் சொல்லாமல் விடுவார். இரண்டாமவர் அந்த ஐந்து வருடத்தில் விலைவாசியும் பொருளாதாரமும் சேர்ந்து வளர்ந்ததைச் சொல்லாமல் விடுவார். நீங்கள் ஆறு எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதோடு ஒரு கேள்வியும் கேளுங்கள்: குறைக்காமல் இருந்திருந்தால் 2023-24ல் எவ்வளவு வந்திருக்கும்? இதே 2023-24ல் தனிநபர் வருமான வரி 10.45 லட்சம் கோடி ஆகி, நிறுவன வரியைத் தாண்டிவிட்டது. தனிநபர்கள் சேர்ந்து நிறுவனங்களைவிட அதிகம் கட்டுகிறார்கள் என்று ஆகிவிட்டது. 2025ல் 12 லட்சம் வரை வரியில்லை என்று அறிவித்ததை இந்தப் பின்னணியில் வைத்துப் பேசினால் அதை ஆதரிக்கும் வாதமும் வலுவாகும்.

அந்த 12 லட்சத்தையும் சரியாகச் சொல்லுங்கள். புதிய வருமான வரி முறையில் ஆண்டு வருமானம் 4 லட்சத்துக்கு மேல் போனால் வரி விகிதம் தொடங்கிவிடுகிறது. 12 லட்சம் வரை இருப்பவர்களுக்கு 60,000 ரூபாய் வரை தள்ளுபடி கொடுத்து வரியைப் பூஜ்ஜியமாக்குகிறார்கள். "முதல் 12 லட்சத்துக்கு எல்லோருக்கும் வரி இல்லை" என்று மேடையில் சொன்ன ஒரு நல்ல பேச்சாளரை எங்கள் பையன் ஒருவன் இந்த ஒரே இடத்தில் மடக்கிவிட்டான்.

இலங்கையை எடுத்தால் முழுதாக எடுங்கள்

வரிக்குறைப்பை எதிர்ப்பவர்கள் இலங்கையைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். சொல்ல வேண்டியதுதான், நமக்குப் பக்கத்தில் நடந்தது. 2019 டிசம்பரில் அங்கே மதிப்புக் கூட்டு வரியை 15லிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள். அந்த வரிக்குப் பதிவு செய்ய வேண்டிய வரம்பை ஆண்டு விற்பனை 1 கோடியே 20 லட்சம் ரூபாயிலிருந்து 30 கோடியாக உயர்த்தினார்கள். சம்பளத்தில் பிடிக்கும் வரியையும் எடுத்தார்கள். வரி வருவாய் ஜி.டி.பி.யில் சுமார் 8 சதவீதத்துக்கு இறங்கியது. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். 2024 ஜனவரியில் அதே வரி 18 சதவீதம் ஆனது. மருந்துக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற ஜனங்கள்தான் அந்தக் குறைப்புக்கு வட்டியோடு திருப்பிக் கட்டினார்கள்.

ஆனால் நியாயமாக வாதாடுகிறவர் மற்றதையும் சொல்ல வேண்டும். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, கொரோனாவில் நின்றுபோன சுற்றுலா, 2021ல் ரசாயன உரத்துக்கு விதித்த திடீர்த் தடை, எல்லாவற்றுக்கும் மேலாக டாலரில் வாங்கிய கடன். இந்திய அரசின் கடனில் பெரும்பகுதி ரூபாயில், உள்நாட்டில் வாங்கியது. எதிரணி இதைச் சொல்லும். சொன்னால் உங்களுக்குப் பிரிட்டன் இருக்கிறது. 2022 செப்டம்பர் 23 அன்று, செலவுக்கு வழி சொல்லாமல் சுமார் 4,500 கோடி பவுண்டு வரிக்குறைப்பை அறிவித்தார்கள். அவர்கள் கடனும் பெரும்பாலும் தங்கள் நாட்டு நாணயத்தில் வாங்கியதுதான். ஆனாலும் கடன் பத்திரச் சந்தை ஆடிப்போய், ஐந்தே நாளில் அந்நாட்டு மத்திய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்து தலையிட வேண்டியதாயிற்று. பிரதமர் லிஸ் டிரஸ் அக்டோபர் 20 அன்று பதவி விலகுவதாக அறிவித்தார்.

சொற்களைக் கழற்றி வையுங்கள்

எங்கள் திண்ணையில் முதல் அரை மணி நேரம் "இலவசம்", "நலத்திட்டம்", "வரிப் பயங்கரம்", "வளர்ச்சி" என்ற நாலு சொல்லுக்கும் இடமில்லை. திட்டத்தின் பெயரையும் தொகையையும் சொல்ல வேண்டும். மகளிர் உரிமைத் தொகை என்றால்: 2023 செப்டம்பர் 15ல் தொடங்கியது, தொடக்கத்தில் சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்கள், மாதம் 1,000 ரூபாய், அப்படியானால் ஆண்டுக்குச் சுமார் 12,700 கோடி. இப்போது வாதாடுங்கள். பெட்ரோல் என்றால்: 2021 ஆகஸ்டில் தமிழக அரசு லிட்டருக்கு 3 ரூபாய் வரி குறைத்தது, ஆண்டுக்கு 1,160 கோடி இழப்பு என்று அரசே சொன்னது. இந்த இரண்டில் எது ஏழைக்கு அதிகம் போய்ச் சேரும்? இப்படிக் கேட்டால் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேச்சு தானாகக் குறையும்.

அண்ணாச்சிக்கு இந்தச் சட்டம் முதலில் பிடிக்கவில்லை. "மேடம், வரி கட்டுறவன் நான். நோட்டீஸ் வந்தா ஓடுறவன் நான். வாங்குறவன் எவனோ" என்றார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மாதாமாதம் தாக்கல், கணக்காளர் சம்பளம், சின்னத் தவறுக்கும் அபராதம். அதையெல்லாம் யாரும் பட்ஜெட் வட்டப்படத்தில் போடுவதில்லை. பிள்ளைகள் அவர் பேச்சைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னேன். வரி கட்டுகிறவர் மரியாதை எதிர்பார்ப்பதை "பணக்காரர் புலம்பல்" என்று தள்ளிவிட்டால் விவாதத்தில் நாம் பாதி மனிதர்களை இழந்துவிடுவோம்.

அதற்கு அந்த பி.காம். பெண் பதில் சொன்னாள்: "அண்ணாச்சி, எங்க அம்மா சோப்பு வாங்கினா அதுலயும் வரி இருக்கு. போன செப்டம்பர் வரைக்கும் நூத்துக்குப் பதினெட்டு." 2025 செப்டம்பர் 22 முதல் சோப்புக்கு 5 சதவீதம் ஆகிவிட்டது. அதற்கு முன்பு, மாதம் எட்டாயிரம் சம்பாதிப்பவரும் எண்பதாயிரம் சம்பாதிப்பவரும் ஒரே சோப்புக்கு ஒரே வரிதான் கட்டினார்கள். கொட்டைக் குவியலில் ஜி.எஸ்.டி. 18 என்று இருந்ததே, அதில் அவள் அம்மாவும் இருக்கிறார். அண்ணாச்சி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது சரிதாம்மா" என்றார்.

வீட்டுக் கணக்கு உவமையில் ஜாக்கிரதை

"வீட்டில் வரவுக்கு மேல் செலவு செய்வோமா?" என்று கேட்டால் கைதட்டு நிச்சயம். ஆனால் அரசு ஓய்வு பெறுவதில்லை, வரி போட அதிகாரம் இருக்கிறது, மந்தக் காலத்தில் அது செலவை நிறுத்தினால் எல்லோர் வருமானமும் சேர்ந்து விழும். 2020-21ல் நிதிப் பற்றாக்குறை 9.2 சதவீதம் வரை போனது. அந்த வருடம் இலவச அரிசி கொடுக்காமல் கணக்கைச் சரி செய்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன். மறுபக்கம், நல்ல வருடத்திலும் அதே தாராளம் தொடரலாம் என்பதற்கு இந்த வாதம் அனுமதிச் சீட்டு ஆகாது. 2003ல் கொண்டுவந்த நிதிப் பொறுப்புச் சட்டம் நிதிப் பற்றாக்குறைக்கு 3 சதவீதம் என்று எல்லை வைத்தது. இத்தனை வருடத்தில் அந்த எல்லை எத்தனை தரம் தள்ளிப் போடப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மறுப்புரையில் உதவும்.

என் சாய்வு எந்தப் பக்கம் என்று பிள்ளைகள் கேட்பார்கள், மறைப்பதில்லை. வாசலில் உட்கார்ந்து பணம் கொடுத்தவள் நான். ஓய்வூதியர் நேர்காணலுக்குக் கைத்தடி ஊன்றி வந்த முதியவர்களின் முகம் பார்த்தவள். அதனால் வெட்டப்போகும் தலைப்பைச் சொல்லாத வரிக்குறைப்பை நான் நம்புவதில்லை. அதே காரணத்தால் மார்ச் கடைசி வாரத்தில் அவசர அவசரமாகக் கொட்டப்படும் செலவையும் நான் நம்புவதில்லை.

கடைசிப் பத்து நிமிடம்

விவாதம் முடிந்ததும் அணியை மாற்றுங்கள். ஆதரித்தவர் எதிர்த்து ஐந்து நிமிடம், எதிர்த்தவர் ஆதரித்து ஐந்து நிமிடம். எதிரணி சொன்ன வாதத்தை அவர்களைவிட நன்றாகச் சொல்லிக் காட்டியவருக்குத்தான் எங்கள் திண்ணையில் அன்றைய பரிசு, பெரும்பாலும் ஒரு தட்டு பணியாரம்.

பிப்ரவரி 1 காலை 11 மணிக்கு நிதியமைச்சர் பேச்சைத் தொடங்குவார். பேச்சு முடிந்த கையோடு ஆவணங்கள் இணையத்தில் வந்துவிடும். முதலில் நாலு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்: மொத்தச் செலவு, வட்டி, நிதிப் பற்றாக்குறை, முதன்மைப் பற்றாக்குறை. பக்கத்திலேயே முந்தைய ஆண்டின் திருத்திய மதிப்பீட்டையும் அதற்கு முந்தைய ஆண்டின் இறுதிக் கணக்கையும் எழுதுங்கள். மொத்தம் பன்னிரண்டு எண், ஒரு தாளில் பாதிப் பக்கம். மீதிப் பாதியை எதிரணி சொல்லப்போவதை எழுதக் காலியாக விட்டு வையுங்கள்.